சிங்கப்பூரில் மகனுக்கு வீடு: விளையை விற்கலாமா?

கருங்கலில் இருந்து ஒரு அப்பா கேட்கிறார்: மகனும் மருமகளும் சிங்கப்பூரில் நிரந்தரவாசிகள். வாடகை கட்டுப்படியாகாமல் வீவக (அரசாங்க வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மறுவிற்பனை வீடு பார்க்கிறார்கள். அரசாங்கம் கட்டின வீடு ஏன் இந்த விலை? இன்னும் ஏறுமுன் ஊரில் இருக்கும் இருபது சென்ட் விளையை (தோட்ட நிலத்தை) விற்று அனுப்பலாமா?

அவசரப்படாதீர்கள் அண்ணாச்சி. அரசாங்க வீடு என்றால் விலையையும் அரசாங்கமே போடும் என்று நினைக்கிறோம், புதிதாகக் கட்டி விற்கும் வீட்டுக்கு அது சரி, மானியம் கழித்தே விற்கிறார்கள். நிரந்தரவாசித் தம்பதிக்கு அந்தப் புது வீடு கிடையாது. மறுவிற்பனைதான். அங்கே விற்கிறவரும் வாங்குகிறவரும் பேசி முடிப்பதுதான் விலை. தோவாளைச் சந்தையில் ஓண நேரத்துப் பிச்சிப்பூ மாதிரி, வாங்க ஆள் கூடிவிட்டது என்பதற்காகச் செடி கூடுதலாகப் பூக்காது.

கொரோனாவில் கட்டுமானத்துக்கு ஆள் வர முடியாமல் புது வீடுகள் தாமதமாக, காத்திருக்க முடியாதவர்கள் எல்லாம் மறுவிற்பனைப் பக்கம் வந்துவிட்டார்கள். 2021-ல் விலை 12.7 சதவீதம் ஏறியது, 2022-ல் 10.4. இதில் இன்னொரு முடிச்சு: புது வீடு வாங்கியவர் குறைந்தது ஐந்து ஆண்டு குடியிருந்த பிறகே விற்கலாம். அந்தக் கெடு முடிந்து விற்பனைக்கு வரக்கூடிய வீடுகள் 2022-ல் முப்பதாயிரத்துக்கு மேல், 2025-ல் பத்தாயிரம்கூட இல்லை. அப்புறம் விலை எப்படி இறங்கும்?

ஆனால் 2021 முதல் 2025 வரை ஒரு லட்சத்துக்கும் மேல் புது வீடுகளை விற்பனைக்கு விட்டிருக்கிறார்கள். 2025-ல் ஏற்றமும் மூன்று சதவீதத்துக்குள் அடங்கிவிட்டது. விலை சரியும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் "இப்போ விட்டா போச்சு" என்று எந்தத் தரகராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பார்க்க வேண்டியது கைக்காசு. இருவரும் நிரந்தரவாசியாகி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். கழகத்தின் கடன் கிடையாது, வங்கிக் கடன்தான், அதிகபட்சம் 75 சதவீதம். வழக்கமான முத்திரைத் தீர்வை போக, கூடுதல் தீர்வை 5 சதவீதம். வீவக மதிப்பீட்டுக்கு மேல் விற்கிறவர் கேட்கும் தொகை முழுக்க ரொக்கமாகத் தர வேண்டும், சந்தை சூடாக இருக்கும்போது கழுத்தைப் பிடிப்பது இதுதான். ஒரு பிளாக்கில் இந்த இனத்தார் இவ்வளவுதான், நிரந்தரவாசிகள் இவ்வளவுதான் என்று பிளாக்குக்கு பிளாக் இன ஒதுக்கீடும் நிரந்தரவாசி ஒதுக்கீடும் உண்டு. சீனர் ஒதுக்கீடு நிரம்பிய பிளாக்கில் வீடு வைத்திருக்கும் இந்தியர் சீனருக்கு விற்க முடியாது, அங்கே வாங்க ஆள் குறைவு, உங்கள் மகன் கொஞ்சம் பேரம் பேசலாம்.

இன்னொன்று, அது 99 ஆண்டுக் குத்தகை வீடு. மிச்ச ஆண்டு எத்தனை என்று கேளுங்கள். மகன் பேரில் ஊரில் வீடு இருந்தால் அதுவும் தகுதிக்கு இடைஞ்சலாகும், வீவகவிடம் முன்னாலேயே கேட்டுவிடச் சொல்லுங்கள்.

இதெல்லாம் போட்டுக் கைக்காசு எவ்வளவு குறைகிறது என்று மகன் கணக்கு எழுதி அனுப்பட்டும். அதற்குப் பிறகு எத்தனை சென்ட் விற்பது என்று பாருங்கள், இருபதும் வேண்டியிராது.