டாக்டரம்மா பதில்கள்: டிரம்மில் கரைத்த உப்பும் சர்க்கரையும்

(அரசு மருத்துவமனைகளில் குழந்தை மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றவர் எழுதும் பதில்கள்)

கேள்வி: போன மாதம் என் ஒன்றரை வயதுப் பையனுக்கு மூன்று நாள் வயிற்றால் போனது. "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், வயிற்றைக் காயப் போடு" என்றார் மாமியார். பக்கத்து வீட்டு அக்கா, கொடுக்கத்தான் வேண்டும் என்றார். அடுத்த தடவை வந்தால் யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: பக்கத்து வீட்டு அக்கா பேச்சைக் கேளுங்கள் அம்மா. மாமியார் மேல் கோபம் வேண்டாம். அவருக்கு அவருடைய மாமியார் சொல்லித் தந்தது அது. பேதியில் குழந்தையின் உயிர் போவதே உடம்பில் உள்ள தண்ணீரும் உப்பும் வற்றிப்போவதால்தான். போவதை நிறுத்துவதைவிட, போனதை ஈடுகட்டுவதுதான் அவசரம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலம் இலவசமாகவே தருவார்கள். எத்தனை தண்ணீருக்கு என்று அதன் மேலேயே போட்டிருக்கும். பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டர். கொதித்து ஆறிய தண்ணீரில் மொத்தத்தையும் ஒரே தடவையில் கரையுங்கள். பாதியைக் கொட்டி மீதியை மடித்து வைக்கக் கூடாது, அளவு கெட்டுவிடும். உங்கள் பையன் வயதுக்கு, ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி ஆரம்பியுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் ஆன கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். தாய்ப்பால், இட்லி, குழைந்த சாதம் எதையும் நிறுத்த வேண்டாம். டாக்டர் எழுதித் தரும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாளும் கொடுத்து முடியுங்கள்.

கண் குழி விழுந்தாலும், மூத்திரம் போகாவிட்டாலும், குடிக்கக்கூட முடியாமல் துவண்டாலும், மலத்தில் ரத்தம் தெரிந்தாலும் அதற்கு மேல் வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: எம்.பி.பி.எஸ். கடைசி வருடம் படிக்கிறேன். குழந்தை மருத்துவம் எடுக்க ஆசை. ஊருக்கு உழைத்த டாக்டர் என்றாலே, ஃபீஸ் வாங்காதவர், ஐந்து ரூபாய் வாங்கியவர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கல்விக் கடனோடு படிக்கிற என்னால் அப்படி இருக்க முடியுமா என்று பயமாக இருக்கிறது.
– ஒரு மாணவர், மதுரை

பதில்: தம்பி, ஐந்து ரூபாய்க்கு வைத்தியம் பார்த்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அது ஒன்றுதான் வழி என்று நினைக்காதீர்கள். எனக்கு வழிகாட்டியாக நான் நினைக்கும் குழந்தை மருத்துவர் ஒருவர் உண்டு. அவர் பெயரை நம் ஊரில் பல டாக்டர்களே கேட்டதில்லை என்பதில் எனக்குத் தீராத வருத்தம். திலீப் மஹலனாபிஸ். வங்காளி. லண்டனில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு, 1960களில் கொல்கத்தாவுக்குத் திரும்பி, அங்கே இருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்தில் சேர்ந்தவர்.

1971. வங்கதேசப் போர். எல்லை தாண்டி லட்சக்கணக்கான அகதிகள் வருகிறார்கள். பன்காவ் என்ற எல்லை ஊரில் முகாம். அங்கே காலரா. ஆஸ்பத்திரியில் இரண்டே அறைகள், தரையெல்லாம் நோயாளிகள். டிரிப் போட வேண்டுமென்றால் மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட்டுத்தான் போட வேண்டும். அவருடைய குழுவில் டிரிப் ஏற்றப் பயிற்சி பெற்றவர்கள் இரண்டே பேர். சலைன் பாட்டிலும் தீரப் போகிறது. வந்த இரண்டே நாளில், இந்தப் போக்கில் போனால் தோற்றுவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

குளுக்கோஸ் குடலிலிருந்து உடம்புக்குள் போகும்போது உப்பையும் கூட இழுத்துக்கொண்டு போகும், உப்பின் பின்னால் தண்ணீர் போகும். காலராவிலும் அந்த வாசல் அடைபடுவதில்லை. இதை வைத்து 1968இலேயே டாக்காவில் டேவிட் நேலினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளுக்கு வாய்வழிக் கரைசல் கொடுத்துக் காட்டியிருந்தார்கள். ஆனால் அது டாக்டர்கள் கண்காணித்த வார்டு. படிக்காத ஜனங்கள் கையில் கொடுத்தால் சரிவருமா என்ற சந்தேகம் மருத்துவ உலகத்தில் பலமாக இருந்தது.

மஹலனாபிஸ் கொடுத்துவிட்டார். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கொல்கத்தாவில் எடை போட்டுப் பொட்டலம் கட்டி, பன்காவில் குழாய் வைத்த டிரம்களில் கரைத்தார்கள். அம்மாவும் அண்ணனும் சித்தியும் தம்ளரில் பிடித்துப்போய்க் குடிக்க வைத்தார்கள். சலைன் ஏற்றினால்தான் வைத்தியம் என்று நம்பிய ஜனங்களிடம், "இது வாயால் குடிக்கிற சலைன்" என்று சொன்னார்களாம். எத்தனை அழகான விளக்கம்! அதற்கு முன் நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்தார்கள். அவர் பார்த்த நோயாளிகளில் அது 3.6 ஆகக் குறைந்தது. கலக்கும் முறையை அச்சடித்து எல்லை நெடுகக் கொடுத்தார்கள். வங்கதேசத்தின் ரகசிய வானொலியிலும் அது ஒலித்தது.

1978இல் லான்செட் மருத்துவ இதழ், குளுக்கோஸும் உப்பும் சேர்ந்து போகின்றன என்ற கண்டுபிடிப்பு இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. அவரோ கடைசிவரை பெரிதாக வெளியே தெரியாமலே இருந்து, 2022 அக்டோபரில் 87 வயதில் கொல்கத்தாவில் காலமானார். பத்ம விபூஷண் அதற்குப் பிறகுதான் வந்தது.

அவர் செய்ததில் எனக்குப் பெரிதாகத் தெரிவது, தன் கையில் இருந்த வைத்தியத்தைத் தாய் கைக்கு மாற்றியதுதான். அதைப் புரிந்துகொள்ள எனக்கே ஒரு ராத்திரி தேவைப்பட்டது. 1984, ஐப்பசி மழை. டெல்டாவில் ஒரு சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எட்டு மாதக் குழந்தை. உச்சிக்குழி பள்ளமாகி, தோலைக் கிள்ளினால் அப்படியே நின்றது. டிரிப் போட நான்கு இடத்தில் குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. வண்டி கட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமென்றால் பாலத்துக்கு மேலே தண்ணீர். குழந்தைக்கு விழுங்க மட்டும் தெம்பு இருந்தது. அதன் பாட்டி, நடவு வேலை செய்கிறவர், என் கையிலிருந்து கரைசலை வாங்கிப் பாலாடையில் ஊற்றி, விடியும்வரை நிமிடத்துக்கு ஒரு வாயாகப் புகட்டினார். நடுவில் நான் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன், அவர் தூங்கவில்லை. விடிகாலையில் புடவை நனைந்ததும் "ஒண்ணுக்குப் போயிட்டான் டாக்டரம்மா" என்று என்னை எழுப்பினார். அதுவரை தாய்மார்களைத் திட்டிக்கொண்டே வைத்தியம் பார்த்தவள் நான். அந்த வழக்கம் அன்றோடு நின்றது.

அதனால் நியாயமான ஃபீஸ் வாங்குங்கள் தம்பி, கடனை அடையுங்கள். ஆனால் ஒவ்வொரு தாய்க்கும் இரண்டு நிமிடம் கூடுதலாக ஒதுக்கி, கரைசலை அவர் கையாலேயே கலக்க வைத்துப் பாருங்கள். மாதம் ஒரு நாள் அங்கன்வாடிக்குப் போங்கள்.

கேள்வி: கடையில் ஆரஞ்சு ருசியில் அட்டைப் பெட்டியில் விற்கிற பானமும் ஓ.ஆர்.எஸ். தானே?
– ஒரு தந்தை, ஓசூர்

பதில்: இல்லை. அவற்றில் சர்க்கரை பல மடங்கு, உப்பு போதாது. பேதியில் கொடுத்தால் இன்னும் கூடும். ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதற்காக எட்டு வருடம் போராடினார். அதன் பலனாக 2025 அக்டோபரில், உணவுப் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளே இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. மருந்துக் கடையில் கேட்கும்போது, உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ராத்திரி நேரம், பொட்டலம் இல்லை. வீட்டிலேயே கலக்கலாமா?
– ஒரு பாட்டி, உடன்குடி

பதில்: தாராளமாக அம்மா. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர். தலைதட்டிய டீஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. உப்பு மட்டும் கூடவே கூடாது. நன்றாகக் கலக்கி, பேரனுக்குக் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். பொழுது விடிந்ததும் பொட்டலம் வாங்கிக்கொள்ளலாம்.