கொடைக்கானலில் ஒன்பது நிமிடம்

அன்புள்ள சார்,

வங்கி வேலையில் மாற்றலாகி ஆறு மாதமாகக் கொடைக்கானலில் இருக்கிறேன். சொந்த ஊர் மதுரை. அங்கே ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என்றால் எங்கள் வீட்டில் பாஸ்தாதான், பிள்ளைகளுக்கு உயிர். இங்கே வந்ததிலிருந்து அது ஒரு தடவைகூடச் சரியாக வரவில்லை. பாக்கெட்டில் ஒன்பது நிமிடம் என்று போட்டிருக்கிறது. அப்படியே வைத்தால் நடுவில் மாவு கடிபடுகிறது. குக்கரில் ஒரு விசில் விட்டுப் பார்த்தேன். களியாகிவிட்டது, நுரை பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது வேறு. மாமியார், "இது பெரிய சைஸ் சேமியாதானே, உப்புமாவாக் கிண்டிட்டுப் போ" என்கிறார். வெளியே போய்ச் சாப்பிட்டால் தித்திப்பாக ஒரு வெள்ளைக் கூழ் தருகிறார்கள். தண்ணீரில் கோளாறா, என் கையில் கோளாறா? அடுத்த மாதம் மன்னவனூரில் இரண்டு நாள் தங்கப்போகிறோம். அங்கே ஒற்றை அடுப்புதானாம். பாஸ்தா கொண்டுபோகலாமா?

எஸ்.,
கொடைக்கானல்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கையில் கோளாறு இல்லை, தண்ணீரிலும் இல்லை. ஊர் உயரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர். இந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அதனால் மதுரையில் 100 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிற தண்ணீர் இங்கே 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பார்க்க அதே தளதளப்புத்தான், சூடு மட்டும் ஏழு டிகிரி கம்மி. அடுப்பைக் கூட்டினாலும் ஆவிதான் அதிகம் போகும், சூடு ஏறாது. இங்கே துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் போட்டுவிட்டு யாரும் காத்திருப்பதில்லை. பாஸ்தா விஷயத்தில் மட்டும் பாக்கெட்டை நம்பிவிடுகிறோம். அந்த ஒன்பது நிமிடம் சமவெளிக் கணக்கு. என் வீட்டில் அது பன்னிரண்டு, பதின்மூன்று வரை போகும். ஊட்டி இன்னும் கொஞ்சம் உயரம், அங்கே இன்னும் சற்றுக் கூடவே பிடிக்கும்.

நானும் மலைக்கு வந்த புதிதில் கடிகாரத்தை நம்பியவன்தான். மதுரையிலிருந்து வந்த நண்பர் குடும்பத்துக்கு ஒரு பெரிய பாத்திரம் நிறைய பென்னே (குட்டைக் குழாய் வடிவப் பாஸ்தா) செய்து வைத்தேன். எல்லோரும் மரியாதையாக மென்றுகொண்டிருந்தார்கள். அவர்களுடைய ஐந்து வயதுப் பெண் மட்டும், "மாமா, இதுக்குள்ள சாக்பீஸ் இருக்கு" என்றாள்.

அந்தச் சாக்பீஸைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். பத்தாவது நிமிடத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பாதியாகக் கடித்து, கடித்த முகத்தைப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம் தெரியும். அது ரவை அளவாகச் சுருங்கி, பிறகு ஊசிமுனை அளவாகும். அப்போது வடித்துவிடுங்கள், மிச்சத்தை வாணலிச் சூடு பார்த்துக்கொள்ளும். இத்தாலிக்காரர்கள் இந்தப் பதத்தை 'அல் டென்டே' என்கிறார்கள். நேரடியாகச் சொன்னால் 'பல்லுக்கு'. நாம் பொங்கல் பருக்கையை விரலால் நசுக்கிப் பார்க்கிறோம், அவர்கள் பல்லால் பார்க்கிறார்கள்.

குக்கர் வேண்டாம். பாஸ்தாவிலிருந்து கழன்று வரும் மாவு நுரைத்து மேலே ஏறி ஆவி போகிற துளையை அடைக்கும். உங்களுக்கு வழிந்ததோடு போனது, அதிர்ஷ்டம்.

மாமியார் சொன்னதில் பாதி சரி. சேமியாவும் கோதுமைதான், பாஸ்தாவும் கோதுமைதான். நம் ஊர் சமையலறைகளுக்கெல்லாம் போகிற அணில் சேமியா வருவதே திண்டுக்கல்லிலிருந்து. அந்த மாவட்டத்தின் மேல்மாடியில்தான் நீங்களும் நானும் குடியிருக்கிறோம். மீதிப் பாதி எந்தக் கோதுமை என்பதில் இருக்கிறது. உலர் பாஸ்தாவை டியூரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையில்தான் செய்ய வேண்டும் என்று இத்தாலியில் 1967-இல் சட்டமே போட்டார்கள். நம் நாட்டிலும் மத்தியப் பிரதேசத்தின் மால்வா பக்கம் அது விளைகிறது. அதிலுள்ள புரதம் வலைபோல மாவைப் பிடித்து வைத்திருக்கும். மைதாவில் அந்தப் பிடிப்பு போதாது. மலையில் கூடுதலாக நாலு நிமிடம் வேகவைக்கிறோம் இல்லையா, அதற்குள் மைதா பாஸ்தா வெளியே கூழாகிவிடும், உள்ளே அப்படியே நிற்கும். அடுத்த முறை பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'டியூரம்' இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உங்கள் பிரச்சினையில் பாதி அங்கேயே தீரும்.

அப்புறம் தண்ணீர். 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. இது அவர்கள் ஊர்க் கணக்கு, மனதில் நிற்கும். வடித்த பிறகு பாஸ்தாவைக் குழாயடியில் காட்டி அலசாதீர்கள். ஒட்டாமல் இருக்க என்று பலர் இதைச் செய்கிறார்கள். குழம்பு ஒட்ட வேண்டிய இடத்தையே கழுவி விடுகிறோம் என்று யோசிப்பதில்லை. வடித்த தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துவையுங்கள். நமக்கு வடிகஞ்சி புதிதா என்ன? இது கோதுமை வடிகஞ்சி. எண்ணெயோடு இதைச் சேர்த்துக் கலக்கினால் இரண்டும் பிரியாமல் பால்போலத் திரளும். கிரீமும் வேண்டாம், மைதா கரைத்து ஊற்றவும் வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்லும் சமையல் ஒன்றே ஒன்று. அல்யோ இ ஓலியோ. பூண்டும் எண்ணெயும் என்று அர்த்தம். நேப்பிள்ஸ் பக்கத்துச் சாப்பாடு, வீட்டில் வேறு ஒன்றும் இல்லாதபோது செய்வது. இதைச் செய்ய நம் மலையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் இங்கே மலைப்பூண்டு இருக்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு. பக்கத்து மலைக்கிராமமான பூம்பாறையில் சில வீடுகளில் கட்டுக்கட்டாக அடுப்புப் புகை படும்படி தொங்கவிட்டிருப்பார்கள். தோலை உரித்தாலே கண் லேசாக எரியும். சமவெளிப் பூண்டு எட்டுப் பல் போடுகிற இடத்தில் இது ஐந்து போதும்.

பூண்டைத் தட்டாதீர்கள், மெல்லிசாக வில்லை வில்லையாக நறுக்குங்கள். வாணலியில் எண்ணெய் ஊற்றியதுமே, காய்வதற்கு முன்பே, பூண்டைப் போட்டுச் சிறு தீயில் வையுங்கள். ஆலிவ் எண்ணெய் இருந்தால் அது, இல்லையென்றால் கடலை எண்ணெய். நல்லெண்ணெய் வேண்டாம், பாஸ்தா புளியோதரையாகிவிடும். வில்லைகளின் ஓரத்தில் குட்டிக் குமிழிகள் வரும், பிறகு ஓரம் மட்டும் சந்தனநிறமாகும். அந்த நொடியில் இரண்டு குண்டு மிளகாயைக் கிள்ளிப் போட்டு ஒரு கரண்டி வடிகஞ்சியை ஊற்றிவிடுங்கள். சடசடவென்று அடங்கும். அடுப்பை விட்டு நகர்ந்தீர்கள் என்றால் பூண்டு பழுப்பாகிக் கசந்துவிடும், பிறகு என்ன போட்டாலும் மீளாது. போன் வந்தாலும் எடுக்காதீர்கள். வடித்த ஸ்பகெட்டியை, அதாவது நூல்போல நீளமான பாஸ்தாவை, போட்டு ஒரு நிமிடம் புரட்டி இறக்குங்கள். சீஸ் தேவையில்லை. (சீஸ் பேச்சு வந்ததால் சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இத்தாலியின் அசல் பர்மேசன், கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளை வைத்துச் செய்வது.)

வெளியே சாப்பிட்ட வெள்ளைக் கூழைப் பற்றி. சீசனில் கூட்டத்தைச் சமாளிக்கக் காலையிலேயே மொத்தமாக வேகவைத்து வைத்துவிடுகிறார்கள். ஒரு கடையில் நான் ஆர்டர் சொல்லி மூன்று நிமிடத்தில் தட்டு வந்தது. சாப்பிடாமலேயே தெரிந்துவிட்டது. இப்போதெல்லாம் புதிய இடத்தில், "எவ்வளவு நேரமாகும்?" என்றுதான் முதலில் கேட்கிறேன். இருபது நிமிடமாகும் என்றால் உட்காருவேன். வட்டக்கானலில் வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சமைத்துப் பழகிய சின்னக் கடைகளில் அப்படிச் சொல்வார்கள்.

மன்னவனூருக்குத் தாராளமாகக் கொண்டுபோங்கள். கெடாது, எடை இல்லை. ஒற்றை அடுப்புக்கு ஒரு வழி இருக்கிறது. பாஸ்தா வேகும்போது இரண்டு வேலை நடக்கிறது. தண்ணீர் உள்ளே இறங்குவது ஒன்று, இறங்கிய தண்ணீரோடு சேர்ந்து மாவு வேகுவது ஒன்று. நேரமெல்லாம் முதல் வேலைக்குத்தான் போகிறது. அதற்குச் சூடே வேண்டியதில்லை. ஒரு தூக்குச்சட்டியில் பென்னேயைப் போட்டு, மூழ்குகிற அளவுக்கு மேலேயே பச்சைத் தண்ணீர் ஊற்றி இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். வெளுத்து, வளைத்தால் வளையும், ஆனால் ஒன்றோடொன்று ஒட்டாது. பிறகு கொதிக்கிற உப்புத் தண்ணீரில் போட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்தது. 93 டிகிரி இந்த வேலைக்குத் தாராளம். ஸ்பகெட்டி ஊறினால் பாத்திரத்தில் அடங்காமல் படுத்தும், குட்டை வகையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மன்னவனூருக்குப் பூம்பாறை வழியாகத்தான் போக வேண்டும். காலை பதினொரு மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்றால் கிளம்பும்போதே தூக்குச்சட்டியில் ஊறப்போட்டு மூடிக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள், மலைப்பாதை வளைவுகளில் சரியாமல் யாராவது பிடித்துக்கொள்ளட்டும். பூம்பாறையில் வண்டியை நிறுத்திப் பூண்டு வாங்குங்கள். பேரத்தை உங்கள் மாமியாரிடம் விட்டுவிடுங்கள்.