முதலில் பயாஸைச் சேமியுங்கள்: பழைய கிராஃபிக்ஸ் கார்டு கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 470, 480, 570, 580 கார்டுகள் பற்றியவை. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங்கை, அதாவது கிராஃபிக்ஸ் கார்டுகளைக் கணக்குப் போடவைத்து நாணயம் சம்பாதிக்கும் முறையை, கைவிட்டது. அதுவரை ராப்பகலாக ஓடிய கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன, இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. மைனிங்குக்காக மாற்றிய பயாஸும் (கார்டுக்குள்ளேயே பதிந்திருந்து அதை இயக்கிவைக்கும் நிரல்) அவற்றோடு சேர்ந்தே வருகிறது.

ஆர்எக்ஸ் 580 8ஜிபி வாங்கினேன். டிரைவர் போடும் வரை படம் நன்றாக வருகிறது. போட்டதும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 43. கார்டு போய்விட்டதா? (சேலம்)

பெரும்பாலும் போயிருக்காது. ஏஎம்டி டிரைவர் பயாஸின் கையொப்பத்தைச் சரிபார்க்கும். யாராவது கைவைத்த பயாஸ் என்றால் ஏற்காது. டிரைவரைப் பேட்ச் செய்து இந்தச் சோதனையைத் தாண்டவைக்கும் ஒரு சின்ன நிரல் உண்டு, விற்றவர் அதைப் போடச் சொல்லியிருப்பார். வேண்டாம். கோட் 43 மறையும், ஆனால் உள்ளே மாற்றிய மெமரி டைமிங் (மெமரி எத்தனை இடைவெளியில் வேலை செய்ய வேண்டும் என்ற அளவுகள்) அப்படியே இருக்கும்.

கார்டின் மேல் விளிம்பில் சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சஃபையர் நைட்ரோ பிளஸ் போன்ற கார்டுகளில் இரண்டு பயாஸ் உண்டு. கணினியை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, சுவிட்சை மறுபக்கம் தள்ளி இயக்குங்கள். மைனிங் செய்தவர் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றியிருந்தால் வேலை அதோடு முடிந்தது. சுவிட்ச் இல்லை என்றால் ஒரிஜினல் பயாஸை ஏற்ற வேண்டும். அதற்கு முன் இப்போது இருப்பதைச் சேமியுங்கள்.

சார், கார்டு சரியாக வேலை செய்யவில்லை. என்ன செய்யலாம்? (ஊர் எழுதவில்லை)

எந்தக் கார்டு? எத்தனை ஜிபி? பவர் சப்ளை என்ன? கோளாறு பூட் ஆகும்போதா, டிரைவர் ஏறியதுமா, கேம் ஓடும்போதா? இந்த நான்கும் இல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. திரும்ப எழுதுங்கள். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் நிரலின் திரைப் படம் ஒன்றும் சேர்த்து அனுப்புங்கள்.

என்னிடம் ஆர்எக்ஸ் 570 4ஜிபி. நண்பரிடமும் அதே கார்டு. அவருடைய பயாஸ் நன்றாக ஓடுகிறது என்று அதை எடுத்து ஏற்றினேன். ஐடி பொருந்தவில்லை என்று எரர் வந்தது, ஃபோர்ஸ் போட்டு ஏற்றிவிட்டேன். இப்போது கறுப்புத் திரைதான். பழைய பயாஸ் என்னிடம் இல்லை. (திருப்பூர்)

இந்தக் கடிதம் மாதம் தவறாமல் வருகிறது. படிக்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது, கோபமும் வருகிறது. ஐடி, அதாவது கார்டின் அடையாள எண், பொருந்தவில்லை என்று பயாஸை ஏற்றும் நிரல் நின்றது உங்களைக் காப்பாற்றத்தான்; ஃபோர்ஸ் என்பது அந்தத் தடையை மீறுவது. ஜிபியு-இசட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் அரை நிமிடத்தில் பயாஸ் கோப்பாக வந்துவிடும். அந்த அரை நிமிடத்தைச் செலவழிக்காமல் கார்டைக் கறுப்பாக்கிக்கொண்டு எழுதுகிறீர்களே!

"அதே கார்டு" என்பது பெட்டியில் அச்சடித்த பெயர் மட்டும்தான். ஒருமுறை, யாரோ கலைத்த மைனிங் ரிக் (பல கார்டுகளைச் சேர்த்து ஓட்டும் கணினி) ஒன்றிலிருந்து நான் ஆறு 570 வாங்கினேன். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே ஸ்டிக்கர். மின்சாரம் கொடுத்ததும் முதல் வேலையாக ஆறின் பயாஸையும் சேமித்தேன். நான்கில் ஹைனிக்ஸ் மெமரி, இரண்டில் மைக்ரான். இது ஏன் முக்கியம் என்றால், பயாஸில் மெமரியின் ஒவ்வொரு வேக எல்லைக்கும் தனி டைமிங் வரிசை உண்டு, அதுவும் மெமரி கம்பெனிக்கு ஏற்ப மாறும். மைனிங் செய்தவர்கள் 1500 மெகாஹெர்ட்ஸுக்குரிய இறுக்கமான டைமிங்கை எடுத்து 1750, 2000 வரிசைகளிலும் ஒட்டிவிடுவார்கள். எத்தீரியத்தில் நொடிக்கு இருபத்துச் சொச்சம் மெகாஹாஷ் (மைனிங் கணக்கின் வேகம்) ஓடியது முப்பதை நெருங்கும். நடுவில் ஒரு பிட் தப்பினால் மைனிங்கில் ஒரு கணக்குத்தான் வீண். கேமில் அதே தப்பு கோடாகவும் கட்டமாகவும் திரையில் வந்து நிற்கும். உங்கள் நண்பரின் பயாஸும் இப்படி மாற்றியதாக இருக்கலாம்; அவருடைய மெமரி தாங்கியதை உங்களுடையது தாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

சரி, மீட்கும் வழி. பிராசஸரில் கிராஃபிக்ஸ் இருந்தால் மானிட்டரை மதர்போர்டில் செருகி பூட் செய்யுங்கள். இல்லையென்றால் வேறொரு பழைய கார்டைப் போடுங்கள். கறுப்பான கார்டும் ஸ்லாட்டிலேயே இருக்கட்டும். பயாஸை ஏற்றும் ஏஎம்டியின் ஃபிளாஷ் நிரல் அதைப் பட்டியலில் காட்டினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இரட்டை பயாஸ் உள்ள கார்டு என்றால் இன்னும் எளிது: நல்ல பக்கத்தில் பூட் செய்து, விண்டோஸ் வந்த பிறகு சுவிட்சைக் கெட்ட பக்கம் தள்ளி ஏற்றலாம்.

ஒரிஜினல் பயாஸ் கோப்புக்கு டெக்பவர்அப் இணையதளத்தின் தொகுப்பைப் பாருங்கள். பயனர்கள் ஏற்றிய, சரிபார்க்கப்படாத கோப்புகளும் அங்கே உண்டு, அவற்றில் மைனிங் பயாஸும் கலந்திருக்கும். சரிபார்க்கப்பட்டது என்ற குறியுள்ளதை மட்டும் எடுங்கள். அதே பக்கத்தில் எந்தெந்த மெமரிக்கு அது பொருந்தும் என்ற பட்டியல் இருக்கும். உங்கள் மெமரியின் கம்பெனி தெரியவில்லை என்றால் ஹீட்சிங்கைக் கழற்றி, மெமரி சில்லின் (சிப்பின்) மேல் உள்ள எழுத்தைப் படியுங்கள்.

எதிலும் கார்டு தென்படவில்லை என்றால் எட்டுக் கால் பயாஸ் சில்லில் கிளிப் மாட்டி, சிஹெச்341ஏ புரோகிராமரால் (சில்லில் எழுதும் சின்னக் கருவி) நேரடியாக எழுத வேண்டும். கறுப்பு நிறத்தில் வரும் அந்தப் புரோகிராமர் போர்டுகளில் பல, 3.3 வோல்ட் போக வேண்டிய டேட்டா கால்களுக்கு 5 வோல்ட் அனுப்புகின்றன. மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் மாட்டாதீர்கள். அதிலும் முதலில் படித்துச் சேமியுங்கள், அப்புறம்தான் எழுதுவது.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4ஜிபி, விலை மிகவும் மலிவு. விஜிஏ போர்ட்டும் இருக்கிறது. கேம் போட்டால் கிராஷ். (மதுரை)

என்விடியா 10 வரிசையில் அனலாக் வெளியீடே கிடையாது. விஜிஏ போர்ட்டைப் பார்த்ததுமே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற பழைய கார்டுகளின் பயாஸில் பெயரை மாற்றி இப்படி விற்கிறார்கள். ஜிபியு-இசட் 2018 முதல் இவற்றைப் போலி என்று பெயரிலேயே காட்டிவிடும். நிஜ 1050 டிஐயில் 768 கோர், 550 டிஐயில் 192. ஒரிஜினல் பயாஸை ஏற்றினாலும் பழைய கார்டுதான் கிடைக்கும். பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

ஆர்எக்ஸ் 580 என்று வாங்கினேன். கோர் எண்ணிக்கை 2304 இருக்க வேண்டிய இடத்தில் 2048 காட்டுகிறது. 580 பயாஸ் ஏற்றினால் மீதி வருமா? (ஈரோடு)

வராது. 2018இல் ஏஎம்டியே சீனாவில் 2048எஸ்பி என்று ஒரு 580 விட்டது. அது 570க்குச் சமம். அல்லது யாரோ 570க்கு 580 என்று பெயர் வைத்திருக்கலாம். ஐடியைப் பாருங்கள். ஃபோர்ஸ் போடாதீர்கள்.

டெஸ்க்டாப் சுத்தமாக இருக்கிறது. கேம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் கலர் கட்டங்கள். வெப்பம் 70தான். 580 8ஜிபி. (நாகர்கோவில்)

இப்படி எழுதினால் பதில் சொல்ல வசதி. ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற கண்காணிப்பு நிரலில் ஜிபியு மெமரி எரர் என்று ஒரு வரி உண்டு, கேம் ஓடும்போது அதைக் கவனியுங்கள். பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும். எண்ணிக்கை ஏறினால் மெமரியை 2000லிருந்து 1750க்கு இறக்குங்கள். எரர் நின்றால் டைமிங் மேல்தான் முதல் சந்தேகம். இருக்கும் பயாஸைச் சேமித்துவிட்டு ஒரிஜினலை ஏற்றி, டிரைவரைச் சுத்தமாக நீக்கித் திரும்பப் போடுங்கள். ஒரிஜினலிலும் எரர் வந்தால் ஒரு மெமரி சில் பலவீனம். தெர்மல் பேட் மாற்றிப் பாருங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் சில் மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள், அல்லது மெமரி வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள். 1750இல் ஓடினாலும் நஷ்டமில்லை.

பூட் ஆகும்போதே, விண்டோஸ் வருவதற்கு முன்பே, திரை முழுக்க எழுத்துக் கோடுகள். கார்டை ஓவனில் வைத்துச் சூடாக்கினால் சரியாகும் என்கிறார்களே? (தஞ்சாவூர்)

சமையல் ஓவனில் எலெக்ட்ரானிக்ஸை வைக்கவே கூடாது, சாப்பாட்டில் கலக்கும் விஷம் அது. சூட்டில் ஒருவேளை உயிர் வந்தாலும் சில நாள்தான், கோளாறு சில்லுக்குள்ளேயே இருக்கும். டிரைவர் ஏறும் முன்பே கோடு வருவது பெரும்பாலும் மெமரி அல்லது ஜிபியு சில் கோளாறு. இருந்தாலும் இரட்டை பயாஸ் சுவிட்சை ஒருமுறை மாற்றிப் பாருங்கள், வேறு கணினியிலும் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் அப்படியே என்றால் மேற்கொண்டு பணம் போடாதீர்கள்.