ஃபெரட்டுக்கு இரையாக எலி வளர்த்தால் செலவு குறையுமா?

கேள்வி: என்னிடம் இரண்டு ஃபெரட்கள் (கீரி போல நீண்ட உடம்புள்ள, இறைச்சி தின்னும் வளர்ப்புப் பிராணி) இருக்கின்றன. உறைய வைத்த சுண்டெலி வாங்கிக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. வீட்டிலேயே ஒரு ஜோடி சுண்டெலி வளர்த்தால் போதுமா? சமையலில் மிஞ்சுவதை அவற்றுக்குப் போடலாமா? உயிரோடு விட்டால் தவறா?

பதில்: ஒரு ஜோடி போதவே போதாது. ஒரு கிலோ எடையுள்ள ஃபெரட் நாளுக்குச் சுமார் 50 முதல் 80 கிராம் வரை இரை தின்னும், அப்படியானால் உங்கள் இரண்டுக்கும் மாதம் 4 கிலோ வேண்டும். வளர்ந்த சுண்டெலியே 20, 30 கிராம்தான். பெண் சுண்டெலி மூன்று வாரம் சினையாக இருந்து 6 முதல் 10 குட்டி போடும், அதில் சில சாகும், எப்படிப் பார்த்தாலும் இருபதுக்கு மேல் பெண் சுண்டெலிகளை இடைவிடாமல் ஈன வைத்தால்தான் 4 கிலோ தேறும். அத்தனை கூண்டு, அத்தனை சுத்தம் செய்யும் வேலை, அதோடு ஆண் சுண்டெலியின் மூத்திர நாற்றம். வேண்டாம்.

பெரிய எலிக்கு மாறிவிடுங்கள். ஆய்வகங்களிலும் வீடுகளிலும் வளர்க்கிறார்களே, அந்தச் சாதுவான வகை. சினைக்காலம் 21 முதல் 23 நாள், ஈற்றுக்குச் சராசரியாக எட்டு முதல் பன்னிரண்டு குட்டி, ஆறு வாரத்தில் ஒவ்வொன்றும் நூறு கிராமைத் தாண்டிவிடும். ஒவ்வொரு ஈற்றுக்கும் பிறகு தாய்க்கு இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தாலும் ஒரு பெண் எலியால் மாதத்துக்கு 400 கிராம் கிடைக்கும். ஃபெரட்டுக்கு எலி மட்டுமே தர வேண்டும் என்பதில்லை, பாதி எலி, மீதி எலும்போடு கூடிய பச்சைக் கோழி, ஈரல், இதயம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஐந்து பெண், ஒரு ஆண் போதும். ஒரே ஒரு ஃபெரட் வைத்திருந்தீர்கள் என்றால் எலியே வளர்க்காதீர்கள், உறைய வைத்ததை மொத்தமாக வாங்குவதுதான் லாபம் என்று சொல்லியிருப்பேன்.

இதில் பணம் எங்கே வீணாகிறது தெரியுமா? தீவனத்தின் விலையில் அல்ல, தள்ளிப்போடுவதில். எலி முதல் ஆறேழு வாரம் வேகமாக வளரும், அதன் பிறகு தின்பது கூடிக்கொண்டே போகும், எடை ஏறுவது குறைந்துகொண்டே வரும். வளர்ந்த எலி தினமும் 15 முதல் 20 கிராம் தீவனம் தின்னும். இன்னும் கொஞ்சம் பெரிதாகட்டும் என்று இருபது எலிகளை ஒரு மாதம் கூடுதலாக வைத்திருந்தால் பத்து கிலோ தீவனம் போய்விடும். அதேபோல நான்கு வாரம் முடிந்ததும் ஆண் குட்டிகளைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். ஐந்து வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும், ஒரு வாரம் அசந்தால் நீங்கள் கேட்காத குட்டிகளுக்கும் சேர்த்துத் தீனி போட வேண்டியிருக்கும். தாய் எலிக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும் தனிக்கூண்டுக்கு மாற்றுங்கள், ஏனென்றால் ஈன்ற ஒரு நாளுக்குள் அது மறுபடியும் சினை பிடிக்கும். பால் கொடுத்துக்கொண்டே அடுத்ததையும் சுமக்கும் தாய் சீக்கிரம் ஓய்ந்துபோகும், குட்டியும் நோஞ்சானாகத்தான் வரும். ஒரு வயதை நெருங்கியதும் அதற்கு ஓய்வு கொடுத்து இளசை எடுத்துக்கொள்ளுங்கள்.

சமையல் மிச்சம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் காய்கறி, உப்பு எண்ணெய் சேராத தானியம் போடலாம், ஆனால் அதுவே முழுத் தீவனமாகக் கூடாது. ஃபெரட்டின் குடல் சின்னது, தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும், தானியத்திலிருந்து சத்தெடுக்க அதற்கு வழியில்லை. எலியின் உடம்பில் சேர்ந்த சத்துதான் அதற்குச் சத்து. ஆகவே எலிக்கான கட்டித் தீவனத்தை மூட்டையாக வாங்குங்கள், பாலூட்டும் தாய்க்குப் புரதம் இருபது சதவீதமாவது இருக்கட்டும். படுக்கைக்குத் துண்டாக்கிய காகிதம் போதும், காசு செலவே இல்லை. பதப்படுத்தாத பைன், தேவதாரு மரத்தூளைத் தவிர்த்துவிடுங்கள், அந்த வாசனை எலியின் நுரையீரலுக்கு ஆகாது. அப்புறம், எலிக் கூண்டை ஃபெரட் இருக்கும் அறையில் வைக்கவே கூடாது. எதிரியின் வாசனையில் மிரண்ட தாய் குட்டிகளையே தின்றுவிடலாம்.

உயிரோடு விடாதீர்கள். எலி திருப்பிக் கடித்தால் ஃபெரட்டின் கண் போகலாம், எலிக்கோ அது பயத்தோடு இழுபட்டுச் சாகும் சாவு. நமக்காகப் பிறந்து வளர்ந்த உயிருக்கு வலியில்லாத முடிவைக் கொடுப்பது நம் கடமை, இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். சிலிண்டரிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்ல நிரப்பும் முறையை ஒரு கால்நடை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள், சிலிண்டருக்கும் அளவுமானிக்கும் ஆகும் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சோடா உப்பையும் வினிகரையும் கலந்து வாயு உண்டாக்குவது, உயிரோடு ஃப்ரீசரில் வைப்பது, இரண்டும் கொடுமை. பத்து நாளுக்குட்பட்ட குட்டிகள் இந்த வாயுவில் எளிதில் சாகாது, அதனால் அவற்றைத் தொடாமல் வளரவிடுங்கள். வெளியே பிடித்த எலியையும் கொடுக்கக் கூடாது, அது எலி விஷம் தின்றிருந்தால் ஃபெரட்டும் போய்விடும்.

சரி, கூண்டு வாங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஃபெரட் பிறந்த முதல் சில மாதங்களில் எதை மோந்து தின்று பழகியதோ அதைத்தான் உணவு என்று நம்பும். உங்களுடையவை சுண்டெலி தின்பதால் பாதி வேலை முடிந்தது, ஆனாலும் பெரிய எலியை உறைய வைத்ததாக நாலைந்து வாங்கி, குளிர் விட்டதும் துண்டாக்கிக் கொடுத்துப் பாருங்கள். முகர்ந்துவிட்டுப் போனால் பழகிய சுண்டெலியின் ரத்தத்தைத் தடவிக் கொடுங்கள். இரண்டும் மறுக்காமல் தின்ன ஆரம்பித்த பிறகு எலிகளை ஜோடி சேர்த்துவிடுங்கள். தின்னாததைச் சோபாவுக்கு அடியில் பதுக்கும் பழக்கம் இவற்றுக்கு உண்டு, தினமும் தேடி எடுத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உறைய வைத்தாலும் சால்மொனெல்லா கிருமி சாகாது.