வாசல் கூரைக்கு அடியில் ஸ்பிரிங்க்ளர் கட்டாயமா?

மேரிலாந்தில் புது வீடு. தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் எல்லா அறையிலும் இருக்கிறது, தலைவாசலில் நீண்டு நிற்கும் கூரைக்கு அடியில் மட்டும் இல்லை. பில்டர் விட்டுவிட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் இந்த டிசைன் வேலையில்தான் இருக்கிறேன்.

பெரும்பாலும் விட்டிருக்க மாட்டார். ஆனால் வீட்டிலிருந்து வெளியேற இன்னொரு வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தனிவீட்டு ஸ்பிரிங்க்ளர்களுக்கான விதி என்.எஃப்.பி.ஏ. (அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கம்) எழுதிய 13டி. கூரை போட்ட, ஹீட்டிங் இல்லாத வாசல் நீட்சிக்கு ஸ்பிரிங்க்ளர் தேவையில்லை என்கிறது அது. வீட்டுக்கு வேறொரு வெளியேறும் வழி இருந்தால் மட்டும். இந்தப் பின்பாதியைப் பலர் படிக்காமலே வரைபடம் போடுகிறார்கள். எனக்கு வருத்தம் அதில்தான். 13டி வீட்டைக் காப்பாற்ற எழுதிய விதி அல்ல, உள்ளே இருப்பவர்கள் உயிரோடு வெளியே வர எழுதியது. தொட்டியில் தண்ணீர் வைத்தால் பொதுவாக 10 நிமிடத்துக்குத்தான் கணக்கு. அந்த 10 நிமிடத்தில் ஓடிவருகிறவர்களுக்கு இருக்கிற ஒரே வாசல் எரிந்துகொண்டிருந்தால் உள்ளே கொட்டும் தண்ணீரால் என்ன பயன்?

விலக்குக்குக் குளிரும் ஒரு காரணம். 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் இடத்தில் தண்ணீர்க் குழாய் வைக்க முடியாது, உறைந்து வெடிக்கும். அதற்கு வழி உண்டு. சுவரைத் துளைத்து வெளியே நீளும் 'டிரை சைட்வால்' ஸ்பிரிங்க்ளரில், தண்ணீர் வீட்டுக்குள் வெதுவெதுப்பான பக்கத்திலேயே நிற்கும். வெளியே நீளும் தண்டு காய்ந்தே இருக்கும். தீயின் சூட்டில் ஸ்பிரிங்க்ளரின் தலை திறந்தால்தான் தண்ணீர் வரும்.

அதே வாசலைக் கண்ணாடியால் அடைத்து ஹீட்டர் வைத்துவிட்டால் அது அறைக் கணக்கு, விலக்கு போய்விடும்.

அடுக்குமாடி வேறு கதை. நான்கு மாடி வரை அதே சங்கத்தின் 13ஆர் என்ற விதி. மரச்சட்டக் கட்டடம் என்றால், மேலே கூரையோ தளமோ உள்ள வீட்டு பால்கனிக்கும் தரைத்தள முற்றத்துக்கும் ஸ்பிரிங்க்ளர் வேண்டும் என்று கட்டட விதி தனியாகவே சொல்கிறது. கிரில்லிலோ சிகரெட்டிலோ பிடிக்கும் தீ வெளிச்சுவர் வழியே ஏறிக் கூரைக்குள் போய்விடும், அங்கே 13ஆர் பொதுவாக ஸ்பிரிங்க்ளர் கேட்பதில்லை.

உங்கள் தனிவீட்டுக்கு வெளியேற இரண்டு வழி இருந்தாலும், மரத்தரை வாசலில் செருப்பு அலமாரி, மர நாற்காலி, கார்த்திகைக்கு அகல் வரிசை என்று வைக்கிற வீடானால் ஒரு டிரை சைட்வால் போட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். உரிமம் பெற்ற காண்ட்ராக்டர் தண்ணீர் அழுத்தத்தைத் திரும்பக் கணக்கிட்டு, பெர்மிட் வாங்கிச் செய்யட்டும்.