ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் கீழிமை உட்புறப் படம் காலையில் வெளிறி, மாலையில் சிவந்து தெரிவது ஏன்?

ஒரே நோயாளிக்கு நிறம் இப்படி மாறினால், மாறியது பெரும்பாலும் ரத்தம் அல்ல, வெளிச்சம்தான். கோத்தகிரி மூடுபனி நாளில் ஜன்னல் வெளிச்சம் நீலம் கலந்தது, மாலையில் வார்டு பல்பு மஞ்சள். போன் கேமராவும் நிறத்தைத் தானாகச் சரிசெய்து குழப்பும்.

இமையருகே ஒரு சாம்பல் நிற அட்டை வைத்து இரு வேளையும் படமெடுங்கள். அட்டையின் நிறமும் மாறினால் காரணம் வெளிச்சமோ கேமராவோதான். அப்புறம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஒரே விளக்கில், வொயிட் பேலன்ஸை, அதாவது கேமராவின் நிறச் சரிசெய்தலை, மாறாமல் பூட்டி எடுங்கள். இமையை மெதுவாகத் தாழ்த்துங்கள். அழுத்தினால் ரத்தம் விலகி வெளிறிவிடும்.

ஆனால் அறுவை முடிந்த கையோடு ரத்த இழப்பை இந்தப் படத்தால் கணிக்கவே வேண்டாம். ரத்தம் போன உடனே ஹீமோகுளோபின் அளவு இறங்காது. உடல்நீரோ சலைனோ ரத்தத்தில் கலந்த பிறகுதான் இறங்கும். அதுவரை நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் விடாமல் பாருங்கள்.