கம்பியில் கடைசி பிட் போகட்டும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் சேகோ ஆலையின் எடை அறையில் ஒரு அர்டுயினோ ஊனோ (சின்ன கன்ட்ரோலர் போர்டு), மூட்டை எடையை 9600 வேகத்தில் (செகண்டுக்கு 9600 பிட்) ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. கம்ப்யூட்டரிலிருந்து கட்டளை கொடுத்து 38400-க்கு மாற்றினால், போர்டு அனுப்பும் 'ஓகே' குப்பையாக வருகிறது. அதற்குப் பிறகு இரண்டும் பேசிக்கொள்வதே இல்லை. என்ன தப்பு?
(ஆத்தூர் வாசகர்)

பதில்: அவசரம்தான் தப்பு. பிரிண்ட் கட்டளை எழுத்துகளைக் கம்பியில் ஏற்றி முடிக்கும்வரை காத்திருக்காது. 64 பைட் பஃபரில் (தற்காலிகக் கிடங்கில்) போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். 9600-ல் ஒரு எழுத்து என்றால் தொடக்கம், முடிவு காட்டும் ஸ்டார்ட், ஸ்டாப் பிட்டும் சேர்த்து 10 பிட், சுமார் 1.04 மில்லிசெகண்ட். 'ஓகே'யின் இரண்டு எழுத்து, வரி முடிவுக்கு இரண்டு, ஆக நாலு மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல். உங்கள் புரோகிராமில் அடுத்த வரியே, வேகத்தை அமைக்கும் பிகின். அது சில மைக்ரோசெகண்டில் பாட் ரிஜிஸ்டரை (வேகத்தை முடிவு செய்யும் எண் இருக்கும் இடம்) 207-லிருந்து 51 ஆக்கிவிடுகிறது. முதல் எழுத்தின் தலை பழைய வேகத்தில், வால் புது வேகத்தில் போகிறது.

பிகினுக்கு முன்னால் ஃபிளஷ் போடுங்கள்; எல்லாம் கம்பியில் போய் முடியும்வரை அது காத்திருக்கும். அல்லது சீரியலை மூடும் எண்ட் போடுங்கள். ஊனோவில் அது தானே ஃபிளஷ் செய்துவிட்டு, வந்து கிடக்கும் பழைய பைட்டுகளையும் துடைத்துவிடும். நேராக ரிஜிஸ்டரில் எழுதுகிறவர்கள் பார்க்க வேண்டியது 'அனுப்பி முடிந்தது' என்று காட்டும் டிஎக்ஸ்சி பிட்டை, யுடிஆர்இ-யை அல்ல. யுடிஆர்இ சொல்வது 'அடுத்த பைட்டைப் போடலாம்' என்பது மட்டும். கடைசி பைட் அப்போதும், பிட்டுகளை ஒவ்வொன்றாகக் கம்பியில் தள்ளும் ஷிஃப்ட் ரிஜிஸ்டரில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பொறியும் உண்டு: ரீசெட்டுக்குப் பிறகு ஒரு பைட்டும் அனுப்பாமல் டிஎக்ஸ்சி-க்காகக் காத்திருந்தால் அது வரவே வராது, புரோகிராம் அங்கேயே உட்கார்ந்துவிடும். அந்த பிட்டை அழிக்க அதில் 1 எழுத வேண்டும், 0 அல்ல.

இது பாதி வேலை. மறுபாதி, இரண்டு பக்கமும் ஒன்றாக மாறுவது. கட்டளையும் 'ஓகே'யும் பழைய வேகத்தில். 'ஓகே' முழுசாகப் போனதும் போர்டு மாறட்டும். கம்ப்யூட்டர் 'ஓகே'யைப் படித்ததும் தானும் மாறி, ஒரு 50 மில்லிசெகண்ட் விட்டு, புது வேகத்தில் ஒரு சோதனைச் சொல்லை அனுப்பட்டும். அரை செகண்டுக்குள் அந்தச் சொல் பிசகில்லாமல் வரவில்லையா, போர்டு தானாகப் பழைய வேகத்துக்குத் திரும்பிவிட வேண்டும். சோதனைச் சொல்லுக்குப் போர்டின் பதில் கிடைக்காத கம்ப்யூட்டரும் அப்படியே. புது வேகத்தை ஈஈப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில்) எழுதுவது சோதனைச் சொல் வந்த பிறகுதான். முன்பே எழுதிவிட்டுக் கரண்ட் போனால், எந்த வேகத்தில் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியாத போர்டு ஒன்று கையில் இருக்கும். அதற்கும் வழி வையுங்கள்: பவர் வரும்போது ஒரு பின் கிரவுண்டோடு சேர்ந்திருந்தால், ஈஈப்ராமில் எது இருந்தாலும் 9600. ஒரு ஜம்பர் செலவு, அவ்வளவுதான்.

கேள்வி: வேகம் சரியாகவே மாறுகிறது. ஆனால் சீரியல் மானிட்டரில் (கம்ப்யூட்டரில் போர்டோடு பேசும் ஜன்னல்) புது வேகத்தைத் தேர்ந்தெடுத்ததும் ஊனோ பழைய வேகத்துக்கே போய்விடுகிறது.
(கொண்டலாம்பட்டி வாசகர்)

பதில்: போர்டு ரீசெட் ஆகிறது. போர்ட் மூடித் திறக்கும்போது டிடிஆர் லைன் (கம்ப்யூட்டர் தயார் என்று சொல்லும் சிக்னல்) அசைந்து ரீசெட்டைத் தட்டுகிறது. ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் கேப்பாசிட்டர் போட்டால் நிற்கும் (பிளஸ் கால் ரீசெட் பக்கம்). புரோகிராம் ஏற்றும்போது கழற்றிவிட வேண்டும்.

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்கு ஒரு வானிலைப் பெட்டி. ஏடிமெகா328பி சிப், வெளிக் கிரிஸ்டல் இல்லை, சிப்பின் உள் கடிகாரம் 8 மெகாஹெர்ட்ஸ். பகலில் 9600, விடியற்காலையில் சேர்த்து வைத்ததைக் கொட்ட 57600. சேலத்தில் மேஜைமேல் நன்றாக ஓடியது. மார்கழிக் குளிரில் 57600 மட்டும் உளறுகிறது.
(ஏற்காடு வாசகர்)

பதில்: குளிரைத் திட்டுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். 8 மெகாஹெர்ட்ஸில் இரட்டை வேக முறையிலும் (கடிகாரத்தை 16-க்குப் பதில் 8-ஆல் வகுப்பது) 57600-க்கு அருகே கிடைப்பது 58824, பிழை 2.1 சதவீதம். அந்த முறையில் 8 பிட்டுக்குச் சிப்பின் டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரக் குறிப்பு) பரிந்துரைக்கும் வரம்பே 1.5 சதவீதம். சமவெளியில் அதிர்ஷ்டத்தில் ஓடியிருக்கிறது. உள் கடிகாரம் வெப்பத்துக்கும் பேட்டரி வோல்ட்டேஜுக்கும் ஏற்ப நகரும். சிப் தயாரிப்பில் செய்யும் கடிகாரத் திருத்தத்தின் துல்லியமே 10 சதவீதம்தான். 9600-ல் கணக்குப் பிழை 0.2 மட்டும் என்பதால் நகர இடம் இருக்கிறது.

சுலபமான வழி 38400: பிழை அதே 0.2. ஆனாலும் கடிகாரம் நகர்வது நகர்ந்துகொண்டேதான் இருக்கும். மலைமேல் பெட்டியை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு நாம் சொல்வது 7.3728 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், இரண்டு 22 பிகோஃபாரட் கேப்பாசிட்டர். 57600-க்கு, இரட்டை வேகம் இல்லாத சாதாரண முறையில், ரிஜிஸ்டரில் 7 போட்டால் கணக்குப் பிழை சுத்தமாகப் பூஜ்யம். ஃபியூஸ் பிட்டை (சிப்பின் அடிப்படை அமைப்பு) வெளிக் கிரிஸ்டலுக்கு மாற்ற மறக்காதீர்கள்.

கேள்வி: விசைத்தறிக் கூடத்தில் இரண்டு மின் மீட்டர், ஒரே ஆர்எஸ்485 லைன் (பல கருவிகள் பகிரும் கம்பி இணைப்பு). ஒன்றுக்குப் பாரிட்டி (பிழை காட்டும் கூடுதல் பிட்) இல்லை, மற்றதற்கு ஈவன். எஸ்டிஎம்32 எஃப்103 சிப் மாறி மாறிக் கேட்கிறது. ஈவன் மீட்டரின் சிஆர்சி (செய்தி பிசகில்லையா என்று சரிபார்க்கும் எண்) மட்டும் எப்போதும் தவறு.
(இளம்பிள்ளை வாசகர்)

பதில்: இந்தச் சிப்பில் பாரிட்டி பிட்டும் வார்த்தை நீளத்துக்குள் அடக்கம். ஈவன் மீட்டருக்கு 8 பிட் என்று வைத்தால் தரவுக்கு மிஞ்சுவது ஏழுதான். 9 பிட் என்று வையுங்கள். பாரிட்டி இல்லாத மீட்டருக்குத் திரும்பும்போது மறுபடி 8. மாற்றும்முன், அனுப்பி முடிந்ததைக் காட்டும் டிசி பிட் வந்ததா என்று பாருங்கள்; லைன் டிரைவரின் டிஇ காலைக் (அனுப்ப வழி திறக்கும் கால்) கீழே இறக்குவதும் அதற்குப் பிறகே. அதை முந்தி இறக்கினால் சிஆர்சியின் கடைசி பைட் பாதியில் அறுந்து, மீட்டர் பதிலே சொல்லாது.